குட்டி வாங்கேக்க அம்மம்மாவைக் கேளுங்கோ: பெட்டை நாயின்ர மடிக்கட்டியும் பரம்பரையும்

எங்கட ஜூலி ஒரு கொக்கர் ஸ்பானியல். வெள்ளவத்தையில ரெண்டாம் மாடி ஃபிளாட்டில எங்களோட பதினொரு வருஷம் இருந்தவ. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டேக்க, சவுக்காரம் போட்ட கை வயித்தில வழுக்கிக்கொண்டு போகேக்க, இடப்பக்கம் நாலாவது முலைக்காம்புக்குக் கொஞ்சம் வெளிப்பக்கமா மிளகு மாதிரி ஒண்டு விரல்ல தட்டுப்பட்டது. ஒவ்வொரு நாளும் தடவுற கைதான், ஆனா காய்ஞ்ச மயிருக்கு மேலால அது தெரியவே இல்ல. அடுத்த நாளே கொண்டு போய்க் காட்டினம். பாத்த டொக்டர் தொட்டுப் பாத்திட்டு கொழுப்புக்கட்டி மாதிரித்தான் இருக்கு, பெருத்தா கொண்டு வாங்கோ எண்டார், ஊசி குத்தி ஒண்டும் பாக்கேல்ல, நாங்களும் நிம்மதியா வீட்ட வந்திட்டம். ஏழு மாசத்தில அது தேசிக்காய் அளவு. ஒப்பரேஷன் செய்து எடுத்து அனுப்பின ரிப்போர்ட்டில புற்றுநோய் எண்டு வந்தது, ஒண்டரை வருஷத்தில நுரையீரலுக்குப் போயிட்டுது.

அவ போன பிறகுதான் குட்டி தந்த கொட்டாஞ்சேனை அன்ரிக்குப் போன் எடுத்தன். சொன்ன உடன அவ கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, மடியிலயா?" எண்டு. ஜூலியின்ர தாய்க்கும் பத்து வயசில கட்டி எடுத்ததாம், தாயின்ர தாய்க்கும் வந்ததாம். அவவில ஒரு பிழையும் இல்ல. குட்டி வாங்கப் போன அண்டைக்கு நான் கேட்டதெல்லாம் ஊசி போட்டதா, பூச்சி மருந்து குடுத்ததா, பேப்பர் இருக்கா எண்டுதான்.

அதால இத எழுதுறன். நான் மிருக வைத்தியர் இல்ல, ஆனா பிறகு கனக்க வாசிச்சு, கனக்கக் கேட்டு, இப்ப ரெண்டாவது பெட்டை நாயோட என்ன செய்யிறன் எண்டதை அப்பிடியே சொல்லுறன்.

முதல்ல பரம்பரை எண்டா என்ன, அது எவ்வளவுக்குக் கதைக்கும் எண்டு விளங்கினாத்தான் மிச்சம் விளங்கும். நாய்க்கு 39 சோடி குரோமோசோம், எங்களுக்கு 23 சோடி. 2005இல டாஷா எண்ட ஒரு பொக்சர் பெட்டையின்ர டிஎன்ஏயை வைச்சுத்தான் நாயின்ர முழு ஜீன் வரைபடத்தை வெளியிட்டவை. மனுசரில மார்புப் புற்றுநோயோட சம்பந்தப்பட்ட பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 எண்ட ரெண்டு ஜீனும் நாயிலயும் இருக்கு, முதலாவது 9ஆம் குரோமோசோமில, ரெண்டாவது 25ஆம் குரோமோசோமில. இதுகளின்ர வேலை, செல்லுக்குள்ள டிஎன்ஏ இழை அறுந்தா அதைத் திரும்பப் பிழையில்லாமப் பொருத்திற வேலை. பொருத்திறவன் சரியில்லாட்டி ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பிழை மிஞ்சும், அது சேந்து சேந்து ஒரு நாள் கட்டியா வரும், அதாலதான் இந்த வருத்தம் குட்டியில வராம ஒன்பது, பத்து, பதினொரு வயசில வருது.

2009இல சுவீடன்ல இங்கிலிஷ் ஸ்பிரிங்கர் ஸ்பானியல் நாய்களை வைச்சு, மனுசரில தெரிஞ்ச பத்து மார்புப் புற்றுநோய் ஜீன்களை ஒவ்வொண்டாப் பாத்தவை. அதில பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ரெண்டிலயும் இருந்த சில வித்தியாசங்கள் கட்டி வந்த நாய்களில கூடுதலாக் காணப்பட்டுது, அது இருந்தா ஆபத்து கிட்டத்தட்ட நாலு மடங்கு எண்டு கணக்கு வந்தது. ஏன் சுவீடன் எண்டா, அங்க வருத்தம் இல்லாத நாய்க்குச் சும்மா கருப்பையைச் சூலகத்தோட சேத்து எடுக்கிற பழக்கம் குறைவு, நிறைய நாய்களுக்கு இன்சூரன்ஸும் இருக்கு, அதால எந்த இனத்துக்கு எத்தினை கட்டி எண்டு பதிவு இருக்கு. பிறகு 2016இல அதே இனத்தை முழு ஜீனோமிலயும் தேடிப் பாக்கேக்க 11ஆம் குரோமோசோமில சிடிகே5ஆர்ஏபி2 எண்ட இன்னொரு ஜீன் பக்கமும் அடையாளம் கிடைச்சது. அப்ப ஒரு ஜீன் கெட்டா வருத்தம் எண்ட கதை இல்ல இது. கனக்க ஜீன் கொஞ்சம் கொஞ்சமாச் சேருது, அதோட ஹோமோன் சேருது, உடம்புப் பருமன் சேருது.

இனத்தைப் பாத்தா ஸ்பானியல் வகைகள், பூடில், டக்சண்ட், யோர்க்ஷயர் டெரியர், மோல்டீஸ், டோபர்மன், பொக்சர், நாங்க அல்சேஷன் எண்டு சொல்லுற ஜேர்மன் ஷெப்பேர்ட், இதுகளில கூட. சின்ன இனங்களில வாற கட்டிகளில ஆபத்தில்லாதது கூடுதலா இருக்கும், பெரிய இனங்களில கெட்ட கட்டியின்ர பங்கு கூட. கலப்பு நாய்க்கும் தெருவில வளர்ந்த லோக்கல் நாய்க்கும் வராது எண்டு ஆக்கள் சொல்லுறதை நம்பாதீங்கோ. சுத்த இனத்துக்குக் கூட எண்டது உண்மை, மற்றதுக்கு இல்ல எண்டது உண்மை இல்ல.

இன்னொரு விஷயம், ரெண்டு வகை ஜீன் மாற்றம் இருக்கு, இதைக் குழப்பினா எல்லாம் குழம்பும். ஒண்டு தாய் தகப்பனிட்ட இருந்து வாறது, அது காது நுனியில இருந்து வால் நுனி வரைக்கும் ஒவ்வொரு செல்லிலயும் இருக்கும், குட்டிக்கும் போகும். மற்றது கட்டிக்குள்ள மட்டும் பிறகு உண்டானது. நாயின்ர மடிக்கட்டிகளில அடிக்கடி காணுறது பிஐகே3சிஏ எண்ட ஜீனில 1047ஆவது இடத்தில வாற மாற்றம், மனுசப் பெண்களின்ர மார்புக் கட்டியிலயும் அதே இடத்தில அதே மாற்றம்தான், வாசிக்கேக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனா அது குட்டிக்குப் போறதில்ல, கட்டியோட வந்து கட்டியோட போறது.

அதால வாய்க்குள்ள பஞ்சு தடவி அனுப்பிற டிஎன்ஏ டெஸ்டுக்கு காசு குடுக்க முன்னம் யோசியுங்கோ. அது இனம் சொல்லும், சில பரம்பரைக் கண் வருத்தம், ரத்த வருத்தம் சொல்லும், ஆனா உங்கட நாய்க்கு மடிக்கட்டி வருமா வராதா எண்டு நம்பிச் சொல்லுற டெஸ்ட் அதுக்குள்ள இல்ல. ஸ்பிரிங்கரில கண்ட அடையாளம் உங்கட பொமரேனியனுக்குப் பொருந்தும் எண்டும் இல்ல. இண்டைக்கு எங்கட கையில இருக்கிற பரம்பரை டெஸ்ட், குடும்பக் கதையைக் கேட்டு எழுதிறதுதான்.

எப்பிடிக் கேக்கிறது

தாயைத் தண்ணித் துறையில பாத்தா மகளை வீட்டில பாக்கத் தேவையில்ல எண்டு சொல்லுவினம். இந்த வருத்தத்தில அது சரிவராது. குட்டி போடுற தாய்க்கு அப்ப மூண்டு வயசு, நாலு வயசுதான் இருக்கும், மினுங்கிக்கொண்டு வந்து உங்கட கையை நக்குவா, கட்டி வாற வயசுக்கு அவ வர இன்னும் ஆறு ஏழு வருஷம் இருக்கு. அவவைப் பாத்து ஒண்டும் தெரியாது. அவவின்ர தாய், குட்டியின்ர அம்மம்மா, அவவுக்குத்தான் கதை இருக்கும். உயிரோட இருக்கிறாவா, எத்தினை வயசில செத்தவ, எதால செத்தவ, மடியில எப்பவாவது ஒப்பரேஷன் செய்ததா, கருப்பை எடுத்ததா எடுத்தா எத்தினை வயசில எண்டு கேளுங்கோ. கடைசிக் கேள்வி முக்கியம், ஏனெண்டா ஒரு வயசுக்கு முன்னம் கருப்பை எடுத்த நாய்க்குக் கட்டி வரேல்ல எண்டா அது நல்ல பரம்பரையாலயா ஒப்பரேஷனாலயா எண்டு பிரிச்சுச் சொல்லேலாது.

பிறகு அப்பம்மாவைக் கேளுங்கோ. இதைத்தான் எல்லாரும் விடுறது. கடுவன் நாய்க்கு மடிக்கட்டி வாறது மிச்சம் அரிது, ஆனா ஜீனைக் கடத்துறதில அவனுக்குச் சரி பாதி பங்கு. ஸ்டட்டுக்கு, அதாவது பெட்டையோட சேக்க, கொண்டு வந்த கடுவன் வடிவா, கப் எடுத்தவன் எண்டு பெருமையாச் சொல்லுவினம், அவன்ர தாய்க்கும் சகோதரிமாருக்கும் என்ன நடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாட்டி கடுவன் வைச்சிருக்கிறவையின்ர நம்பரை வாங்கி நீங்களே எடுத்துக் கேளுங்கோ. நான் ரெண்டாவது முறை அப்பிடித்தான் செய்தனான், தெஹிவளையில ஒரு அங்கிள், முதல்ல யோசிச்சவர், பிறகு அரை மணித்தியாலம் இருந்து ஒவ்வொரு நாயாச் சொன்னவர்.

கென்னல் பேப்பர், அதாவது நாயின்ர பரம்பரைப் பதிவு, இருந்தா அதை வைச்சு ஒரு வேலை செய்யலாம். அதில வருத்தம் ஒண்டும் எழுதியிராது, பேர்தான் இருக்கும். தாய்ப் பக்கத்தையும் தகப்பன் பக்கத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒரே பேர் ரெண்டு பக்கமும் வருதா எண்டு பாருங்கோ. இலங்கையில சில இனங்களில நாய் எண்ணிக்கை குறைவு, அதால ஒரே கடுவன் ரெண்டு பக்கமும் தாத்தாவா நிக்கிறது நடக்கும். அவனிட்ட ஒரு கெட்ட ஜீன் இருந்தா குட்டிக்கு ரெண்டு பக்கத்தாலயும் வாற வாய்ப்பு கூடும். ரெண்டு பக்கமும் ஒரே பேர், அதோட பாட்டிமாரில ஒருத்திக்காவது கட்டி எண்டா நான் எண்டா அந்தக் குட்டியை எடுக்க மாட்டன். கோபிக்கிறவை கோபிக்கட்டும்.

சில ஆக்கள் உண்மையைச் சொல்ல மாட்டினம். அதுக்கு ஒரு வழி, "வருத்தம் இருந்ததா" எண்டு கேக்காம "அவவுக்கு என்ன நடந்தது" எண்டு கேளுங்கோ. முதல் கேள்விக்கு இல்ல எண்டு ஒரு சொல்லோட முடிஞ்சிடும், ரெண்டாவதுக்குக் கதை வரும்.

ஹீட், ஹோமோன், கருப்பை ஒப்பரேஷன்

பரம்பரை துவக்கை நிரப்பி வைச்சாலும் அதை அமத்திறது ஹோமோன். பெட்டை நாய் ஹீட்டுக்கு, அதாவது கடுவனோட சேருற பருவத்துக்கு, வந்து முடிஞ்ச பிறகு, கடுவனோட சேந்தாலும் சேராட்டியும், குட்டி இருந்தாலும் இல்லாட்டியும், கிட்டத்தட்ட ரெண்டு மாசத்துக்கு புரோஜெஸ்ட்ரோன் எண்ட ஹோமோன் உயர்ந்து நிக்கும். அந்த ரெண்டு மாசமும் மடிச் செல்லுகள் பாலுக்கு ஆயத்தமாப் பெருகும். வருஷத்துக்கு ரெண்டு தரம் எண்டு வைச்சா பத்து வயசுக்குள்ள எத்தினை தரம் எண்டு கணக்குப் பாருங்கோ. ஒவ்வொரு பெருக்கத்திலயும் டிஎன்ஏயைப் படி எடுக்க வேணும், ஒவ்வொரு படியிலயும் பிழை வரலாம், திருத்திற ஜீன் பிறப்பிலயே மந்தம் எண்டா அந்தப் பிழை தங்கிடும். பரம்பரையும் ஹோமோனும் சந்திக்கிற இடம் இதுதான்.

அதால கருப்பையும் சூலகமும் எடுக்கிற ஒப்பரேஷன் எப்ப செய்யிறது எண்டது பெரிய கேள்வி. 1969இல அமெரிக்காவில ஷ்னைடரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வில இருந்து மூண்டு நம்பர் எல்லா இடமும் சுத்துது: முதல் ஹீட்டுக்கு முன்னம் எடுத்தா 0.5 வீதம், ஒண்டுக்குப் பிறகு 8 வீதம், ரெண்டுக்குப் பிறகு 26 வீதம். இதைக் கனபேர் பிழையா விளங்கி, ரெண்டு ஹீட் முடிஞ்ச நூறு நாயில 26க்கு கட்டி வரும் எண்டு சொல்லுறவை. அது அப்பிடி இல்ல. எடுக்காத நாய்க்கு இருக்கிற ஆபத்தை 100 எண்டு வைச்சா, இவைக்கு அதில 26 பங்குதான் எண்டுதான் அதின்ர கருத்து. அப்ப ரெண்டு ஹீட்டுக்குப் பிறகு எடுத்தாலும் முக்கால்வாசி குறையுது. 2012இல இங்கிலாந்தில பழைய ஆய்வுகள் எல்லாத்தையும் அலசினவை, ஆதாரம் நாங்க நினைச்ச அளவு பலம் இல்ல எண்டும் எழுதினவை. ஆனா நான் வாசிச்ச அளவில, சூலகத்தைக் கெதியா எடுத்தா ஆபத்து குறையும் எண்ட பக்கம்தான் நிக்கிறன்.

அதுக்காக எல்லா நாய்க்கும் அஞ்சு மாசத்திலயே ஓடிப்போய்ச் செய்யுங்கோ எண்டு சொல்லேல்ல. பெரிய இனத்துக்கு, அல்சேஷன், ரொட்வைலர், லப்ரடோர் மாதிரி, மிச்சம் கெதியா எடுத்தா மூட்டுப் பிரச்சினை கூடலாம், சில பெட்டைகளுக்குப் பிறகு சிறுநீர் தன்பாட்டில சொட்டும். சின்ன இனம், அதோட அம்மம்மாவுக்குக் கட்டி எண்டா நான் முதல் ஹீட்டுக்கு முன்னம் செய்யிற பக்கம் போவன். பெரிய இனம், குடும்பத்தில கதை ஒண்டும் இல்ல எண்டா டொக்டரோட இருந்து கதைச்சு ஒரு ஹீட் விட்டுச் செய்யலாம். குடும்பக் கதை உங்கட கையில இருந்தாத்தான் டொக்டரும் அளந்து சொல்லுவார், அது இல்லாமப் போனா எல்லாருக்கும் சொல்லுற பொதுப் பதில்தான் கிடைக்கும். கருப்பை எடுத்தா அதில சீழ் பிடிக்கிற வருத்தமும் வராது, அது ஒரு ராத்திரியில நாயைக் கொண்டு போற வருத்தம்.

ஒப்பரேஷனுக்குப் பதிலா ஹீட்டை நிப்பாட்டுற ஊசி போடுவம் எண்டு யாராவது சொன்னா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. மெட்ரொக்சிபுரோஜெஸ்ட்ரோன், ஆக்கள் டெப்போ எண்டு சொல்லுற ஊசி, அது புரோஜெஸ்ட்ரோன் மாதிரியே வேலை செய்யிறது, மடிக்கட்டியும் கருப்பைச் சீழும் ரெண்டும் கூடும். மலிவு எண்டு போட்டுப் பிறகு அழுதவையை எனக்குத் தெரியும். ஒருக்கா குட்டி போட விட்டா வராது எண்ட கதைக்கும் நாயில உறுதியான ஆதாரம் இல்ல. குட்டிக் காலத்தில கொழுக்க விடாதீங்கோ, ஒரு வயசுக்குள்ள மெலிவா இருந்த நாய்களில கட்டி குறைவா இருந்ததைக் கண்டிருக்கினம், பிளேட்டில மிஞ்சின சோறும் ரோல்ஸும் குடுக்கிறதைக் குறைச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

கையால பாக்கிறது

இதுதான் மற்ற எல்லாத்தையும் விட முக்கியம், கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ. மாசத்தில ஒரு தேதி வையுங்கோ, நான் முதலாந் தேதி. குளிப்பாட்டேக்க சவுக்காரம் போட்ட கையால பாக்கிறதுதான் சுகம், மயிர் தடுக்காது. ஹீட் முடிஞ்ச ரெண்டு மாசத்துக்குள்ள மடி பொதுமி இருக்கும், சில நாய்க்குப் பாலும் வரும், அந்த நேரம் பாத்துக் குழம்பாம அது வத்தின பிறகு ஒருக்கா வடிவாப் பாருங்கோ.

நாயைப் பக்கவாட்டில படுக்க வையுங்கோ, இல்லாட்டி உங்கட மடியில மல்லாக்க. பெரும்பாலும் ரெண்டு வரிசை, வரிசைக்கு அஞ்சு முலை, நெஞ்சில கைச்சந்துக்குக் கிட்டத் தொடங்கி பின்னங்கால் இடுக்கு வரைக்கும் போகும். சில நாய்க்கு நாலு, சிலதுக்கு ஆறு, அது பிரச்சினை இல்ல. முன்னால இருந்து தொடங்குங்கோ. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில தோலோட சேத்து மெல்லத் தூக்கி, பருத்தித் திரி உருட்டுற மாதிரி உருட்டுங்கோ. காம்பை மட்டும் பாத்தாக் காணாது, காம்பைச் சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்குப் பாக்க வேணும், ஜூலிக்கு இருந்தது காம்பில இல்ல, வெளி ஓரத்தில. பாதிக்கு மேற்பட்ட கட்டிகள் கடைசி ரெண்டு சோடியிலதான் வரும், அங்கதான் பால் சுரக்கிற திசு கூட, ஆனா அங்கதான் தொடை மறைக்கும், பின்னங்காலைத் தூக்கிப் பிடிச்சுப் பாருங்கோ. ஒவ்வொரு காம்பையும் மெல்ல அமத்தி ரத்தமோ மஞ்சள் தண்ணியோ வருதா எண்டும் பாருங்கோ. கடைசியா கைச்சந்திலயும் கால் இடுக்கிலயும் உருண்டையா ஏதும் இருக்கா எண்டு தேடுங்கோ, கட்டி பரவினா முதல்ல போறது அங்க இருக்கிற நிணநீர் முடிச்சுக்கு. ஒண்டு கண்டாலும் நிப்பாட்டாதீங்கோ, பாதி நாய்களுக்கு மேல ஒண்டுக்கு மேற்பட்ட கட்டி இருக்கும்.

கண்டா ஒரு கொப்பியில நாயின்ர வயித்தைக் கீறி பத்துப் புள்ளி வையுங்கோ, இடம் எண்டா இட, நாலாவது எண்டா 4. தேதி எழுதுங்கோ. அளவை அடிமட்டம் வைச்சு மில்லிமீற்றரில எழுதுங்கோ, கச்சான் அளவு பாக்களவு எண்டு எழுதினா ரெண்டு மாசத்தில பெருத்துதா இல்லையா எண்டு வீட்டில சண்டைதான் வரும். டொக்டர்மார் 3 செ.மீ.க்குக் கீழ, 3இல இருந்து 5, 5க்கு மேல எண்டு பிரிப்பினம், 3 செ.மீ. எண்டா கிட்டத்தட்ட சோடா போத்தல் தகர மூடி. அந்தக் கோட்டைத் தாண்ட முன்னம் எடுத்த கட்டிக்கும் தாண்டின பிறகு எடுத்த கட்டிக்கும் நாயின்ர ஆயுளில பெரிய வித்தியாசம் இருக்கு.

ஒரே ஒரு நிலைமையை உடன கவனியுங்கோ. மடி முழுக்கச் சிவந்து, சூடா, கல்லு மாதிரி இறுகி, நாய் தொட விடாமக் கத்தினா, குட்டி போட்ட நாய் எண்டா பால் கட்டி வீங்கினதா இருக்கலாம், ஆனா குட்டியே போடாத வயசான பெட்டைக்கு அப்பிடி எண்டா அது அழற்சிப் புற்றுநோயா இருக்கலாம். அதில வெட்டுறது வழமையா உதவாது, மோசமாக்கும். அதை முதலே ஊசியாலயோ சின்னத் துண்டு எடுத்தோ பாக்காம ஒப்பரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாதீங்கோ.

கட்டி கண்டாப் பிறகு

தொட்டுப் பாத்து ஒருத்தராலயும் கெட்டதா நல்லதா எண்டு சொல்லேலாது, எவ்வளவு பெரிய டொக்டர் எண்டாலும். வாற மடிக்கட்டியில கிட்டத்தட்ட அரைவாசி கெட்டது, அரைவாசி கெடுதல் இல்லாதது, அது லாப்பில மைக்ரோஸ்கோப்புக்குக் கீழதான் தெரியும். கொழுப்புக்கட்டி எண்டு சொன்னா, "டொக்டர், ஊசி குத்திப் பாப்பமா" எண்டு மரியாதையாக் கேளுங்கோ. கொழுப்பு எண்டா ஊசியில எண்ணெய் மாதிரி வரும், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா ஊசியால மடிக்கட்டியின்ர முழுக்கதையும் தெரியாது, எடுத்து அனுப்பினாத்தான் தெரியும். பொறுத்துப் பாப்பம் எண்ட சொல்லை மட்டும் ஏற்காதீங்கோ, நான் ஏற்ற சொல் அது.

ஒப்பரேஷனுக்கு முன்னம் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேணும், ஒரு படம் காணாது, இடம் வலம் மல்லாக்க எண்டு மூண்டு கோணம் கேளுங்கோ, ஒரு பக்கம் படுத்தா அந்தப் பக்க நுரையீரல் அமந்து சின்னப் புள்ளி மறைஞ்சிடும். ரத்தமும் பாக்க வேணும். கட்டி மட்டுமா, அந்த முலையா, ஒரு பக்க வரிசை முழுக்கவா எண்டது அளவையும் எண்ணிக்கையையும் பொறுத்தது. கருப்பை இன்னும் எடுக்காத நாய் எண்டா அதே மயக்கத்தில அதையும் எடுக்கிறது பிரயோசனமா எண்டு கேளுங்கோ, ஹோமோனுக்கு மறுமொழி சொல்லுற கட்டிகளில அது உதவுது. குடும்பக் கதை எழுதின கொப்பியைக் கொண்டு போங்கோ. செலவை முதலே முழுசாக் கேளுங்கோ, லாப் காசு அதுக்குள்ளயா வெளியயா எண்டு கேளுங்கோ, ஏனெண்டா கனபேர் லாப்புக்கு அனுப்புறதைத்தான் காசுக்காக விடுறவை, அதை விட்டா ஒப்பரேஷன் செய்தும் இருட்டில நிக்கிறதுதான். இலங்கையில மிருக வைத்திய பீடம் பேராதனையில இருக்கு, போதனா மிருக வைத்தியசாலையும் அங்கதான், கொழும்பில பாக்கிற டொக்டருக்குச் சந்தேகம் எண்டா அங்க அனுப்பலாமா எண்டு கேக்கிறதில வெக்கம் இல்ல.

எடுத்த கட்டி எல்லாத்தையும் அனுப்பச் சொல்லுங்கோ, ஒண்டு நல்லதா இருக்க பக்கத்தில இருந்தது கெட்டதா இருக்கலாம், எந்தப் போத்தல் எந்த முலை எண்டு எழுதியிருக்க வேணும். ரிப்போர்ட் வந்தா நாலு விஷயம் கேளுங்கோ: என்ன வகை, எத்தினையாம் தரம், வெட்டின ஓரத்தில கட்டி மிஞ்சாமச் சுத்தமா, ரத்தக்குழாய் நிணநீர்க் குழாய்க்குள்ள போயிருக்கா. மூண்டு தரம் இருக்கு, முதலாம் தரம் மெதுவானது, மூண்டாம் தரம் கெதியாப் பரவிறது. ஜூலியின்ர ரிப்போர்ட் மூண்டாம் தரம் எண்டு இருந்தது, அதின்ர கருத்தை எனக்கு அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல, ஃபைலுக்குள்ள வைச்சு அலுமாரியில வைச்சிட்டன்.

வீட்ட வந்தா காயத்தை நக்க விடாதீங்கோ, கூம்புக் கொலர் போடுங்கோ, பழைய ரீசேட் ஒண்டு போட்டாலும் கொழும்பு வெக்கைக்கு மெல்லிய பருத்தியாப் பாருங்கோ. கீழ தண்ணி சேந்து தொங்குறது நடக்கும், ஆனா சூடு, நாத்தம், காய்ச்சல் எண்டா உடன காட்டுங்கோ. மஞ்சள், வேப்பெண்ணெய் ஒண்டும் தையலில பூசாதீங்கோ, எங்கட நோக்குளிசை ஒண்டும் குடுக்காதீங்கோ, ஐபுபுரோஃபன் நாய்க்கு நஞ்சு. கெட்ட கட்டி எண்டா முதல் வருஷம் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா நெஞ்சு எக்ஸ்ரே, மற்றப் பக்க வரிசையைக் கையால பாக்கிறதை நிப்பாட்டவே வேண்டாம், அதே ஜீன் அங்கயும் இருக்கு, அங்கயும் புதுசா வரலாம். அந்த நாயில இருந்து குட்டி எடுக்காதீங்கோ, ஏற்கெனவே எடுத்த குட்டிகள் எந்த வீட்டில எண்டு தெரிஞ்சா சொல்லுங்கோ. அவவின்ர கடுவன் குட்டியை ஸ்டட்டுக்கு விடுறவைக்கும் சொல்லுங்கோ.

கூடப் பிறந்த குட்டிகளை மறந்திடாதீங்கோ. குட்டி வாங்குற அண்டைக்கே மற்றக் குட்டிகள் எந்த எந்த வீட்டுக்குப் போகுது எண்டு கேட்டு நம்பரை எழுதி வையுங்கோ, ரிப்போர்ட் வந்த கிழமையே எல்லாருக்கும் எடுங்கோ. நான் பிந்தித்தான் எடுத்தனான். கொட்டாஞ்சேனை அன்ரி தேடித் தந்த நம்பரில ஒண்டு பம்பலப்பிட்டியில ஜூலியின்ர தங்கச்சி பெபி இருக்கிற வீடு. அந்த அக்கா போனைக் காதில வைச்சுக்கொண்டே கீழ இருந்து தடவத் தொடங்கினவ, வலப்பக்கம் அஞ்சாவதில அரிசி அளவில ஒண்டு இருக்கு எண்டவ. அடுத்த கிழமை எடுத்தது, கருப்பையும் சேத்து எடுத்தது, ரிப்போர்ட்டில கெடுதல் இல்லாத கட்டி எண்டு வந்தது. இப்ப மாசம் மாசம் முதலாந் தேதி அவ பெபியைப் பாத்திட்டு எனக்கு மெசேஜ் போடுவா, நான் என்ர புதுக் குட்டியைப் பாத்திட்டு அவவுக்குப் போடுவன்.